எட்டு வாரம், ஆறு பேர், ஒரு குறும்படம்: கல்லூரி மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் என்று எதைப் படித்தாலும் ஏதாவது ஒரு செமஸ்டரில் ‘ஆறு ஆறு பேராகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்து வாருங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடும். முதல் அரை மணி நேரம் பேச்சு எங்கே போகும் என்பதும் தெரிந்ததுதான். யாரிடம் என்ன கேமரா இருக்கிறது, லென்ஸ் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், ட்ரோன் ஷாட் ஒன்று வைத்தால் எப்படி இருக்கும். கதை என்ன என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாணவர் படங்கள் கேமராவால் கெடுவது மிகக் குறைவு. கையில் இல்லாததை நம்பிக் கதை எழுதுவதாலும், நாள் கணக்கைச் சரியாகப் போடாததாலும்தான் பெரும்பாலும் கெடுகின்றன. அதனால் கேமரா பற்றிய பேச்சை முதல் இரண்டு வாரம் குழுவில் தடையே செய்துவிடலாம்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வருகிறான். மறுநாள் பதிவாக வேண்டிய பத்திரத்துக்கு நகல் வேண்டும். பேங்க் கடனுக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். தாளைக் கண்ணாடி மேல் வைக்கும் கடைப் பையன் தற்செயலாகப் படித்துவிடுகிறான். அது வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரம். பையன் என்ன செய்வான்? எட்டு நிமிடப் படம்.

நாள் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

முதல் கூட்டத்தில் காலண்டரை எடுத்து வைத்து, சமர்ப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எட்டு வாரம் இருக்கிறது என்றால் எட்டாவது வாரத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் திறக்காமல் போவது, ரெண்டர் (எடிட் செய்ததை ஒரே ஃபைலாக்கும் வேலை) பாதியில் நிற்பது, எடிட்டருக்குக் காய்ச்சல் வருவது எல்லாம் அந்த வாரத்தில்தான் நடக்கும். ஏழாவது வாரம் ஒலி, கலர், சப்டைட்டில். ஆறாவது வாரம் எடிட்டிங், விடுபட்ட ஷாட்டுகளுக்குப் பேட்ச் வொர்க். நான்காவது வாரக் கடைசியிலும் ஐந்தாவது வாரக் கடைசியிலும் ஷூட்டிங். மூன்றாவது வாரம் முழுக்க லொக்கேஷன், நடிகர், அனுமதி. கதைக்கும் திரைக்கதைக்கும் மிஞ்சுவது முதல் இரண்டு வாரம்தான்.

இப்படி எழுதிப் பார்த்தால்தான் ஷூட்டிங் என்பது மொத்தமே இரண்டு, மூன்று நாள் வேலை என்பது உறைக்கும்.

அதே காலண்டரில் இன்டர்னல் தேர்வுகள், கல்ச்சுரல்ஸ், பண்டிகை விடுமுறை, குழுவில் யார் வீட்டிலாவது கல்யாணம் என்று எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் தொடங்கும் செமஸ்டரில் ஷூட்டிங்கைத் தள்ளிப்போட்டால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையிடம் மாட்டுவீர்கள். அடுத்த செமஸ்டரில் தள்ளிப்போட்டால் ஏப்ரல் வெயில். பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் வைத்த சீனில் நடிகரின் முகத்தில் வேர்வையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஆறு பேருக்கு ஆறு வேலை

ஆறு பேர் குழுவில் ஆறு டைரக்டர்கள் இருப்பார்கள். இது இயற்கை. இதைத் தீர்க்காமல் இரண்டாவது கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

டைரக்டர், மேனேஜர், கேமரா, ஒலி, அசிஸ்டென்ட் டைரக்டர், எடிட்டர். இந்த ஆறும் ஆறு தனி ஆட்கள். ஆர்ட் வேலையை, அதாவது பொருள், உடை, இட அமைப்பை, எடிட்டர் சேர்த்துப் பார்க்கலாம், ஏனென்றால் ஷூட்டிங்குக்கு முன்பு அவருக்குத்தான் கை காலியாக இருக்கும். அசிஸ்டென்ட் டைரக்டர் க்ளாப் அடிப்பதோடு, ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்ற கன்டினியூட்டியையும் பார்த்துக்கொள்வார். கதை யாருடையதாகவும் இருக்கலாம். கதை எழுதியவரே டைரக்ட் செய்ய வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

என்னைக் கேட்டால் குழுவில் மிகப் பொறுப்பான ஆளை டைரக்டர் ஆக்காதீர்கள், மேனேஜர் ஆக்குங்கள். யார் போன் செய்தால் மற்றவர்கள் உடனே எடுக்கிறார்களோ அவர்தான் அந்த வேலைக்குச் சரி. நேரம், பணம் இரண்டிலும் கடைசி வார்த்தை மேனேஜருடையது. நடிப்பு, ஷாட், வசனம் மூன்றிலும் கடைசி வார்த்தை டைரக்டருடையது. இந்த எல்லையை எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். விளையாட்டாகத் தெரியும். ஷூட்டிங் அன்று இரவு ஏழு மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு டேக்’ என்று டைரக்டர் கேட்கும்போது இதன் அருமை தெரியும்.

வேலை செய்யாத ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைப் பற்றிக் கடைசி வாரத்தில் ஆசிரியரிடம் புகார் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வாரமும் கூட்டம் முடிந்ததும் ‘யார், எந்த வேலை, எந்தத் தேதிக்குள்’ என்று மூன்று நெடுவரிசைகளில் ஒரு ஷீட்டில் எழுதிவையுங்கள். மூன்றாவது வாரத்துக்குள் ஒரே பெயருக்கு எதிரே இரண்டு வேலைகள் நிலுவையில் இருந்தால் அப்போதே பேசுங்கள். பல சமயம் அவருக்குக் கொடுத்த வேலை அவருக்குத் தெரியாத வேலையாக இருக்கும். மாற்றிக் கொடுத்தால் செய்துவிடுவார்.

இருப்பதை வைத்துக் கதை

கதை யோசிப்பதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடுங்கள். யாருடைய மாமா கடை வைத்திருக்கிறார், யார் வீட்டில் பழைய ஓட்டு வீடு இருக்கிறது, யாருக்கு நாடகத்தில் நடிக்கும் சித்தப்பா இருக்கிறார், யாரிடம் ஓடாத அம்பாசடர் கார் நிற்கிறது. அதிலிருந்துதான் கதை பிறக்க வேண்டும். நம் ஜெராக்ஸ் கடைக் கதை அப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் தினமும் ரெக்கார்டு நோட்டு பிரிண்ட் எடுக்கும் கடை அது. ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். உரிமையாளருக்கு முகம் தெரியும். ஒரே இடம், மூன்று நடிகர்கள், பகல் வெளிச்சம்.

ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு ஒன்லைன் (ஓரிரு வரியில் கதைச் சுருக்கம்) எழுதி, பெயர் போடாமல் ஒரு டப்பாவில் போடுங்கள். படித்துப் பார்த்து ‘எது நல்ல கதை’ என்று ஓட்டுப் போடாதீர்கள். ‘எதை நம்மால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்க முடியும்’ என்று ஓட்டுப் போடுங்கள். போலீஸ் ஸ்டேஷன், மழை, கூட்டம், கார் விபத்து, குழந்தை, நாய் இவற்றில் இரண்டுக்கு மேல் வரும் ஒன்லைனை மரியாதையோடு எடுத்து வைத்துவிடலாம். தற்கொலையில் முடியும் காதல் கதையையும்தான். ஆசிரியர்கள் அதை ஆண்டுக்குப் பத்து முறை பார்க்கிறார்கள்.

நீளம் எவ்வளவு? ஆஸ்கர் விதிப்படி டைட்டில்கள் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான். அது உங்களுக்கான அளவு இல்லை. ஆறு முதல் பத்து நிமிடம் போதும். நிமிடம் கூடக்கூட ஷூட்டிங் நாள், எடிட்டிங் நாள், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கூடும். பார்ப்பவர் பொறுமைதான் குறையும்.

திரைக்கதையில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஆங்கிலத் திரைக்கதைக்கென்று இருக்கும் எழுத்துரு, எழுத்தளவு, ஓரம் எல்லாம் சரியாக இருந்தால் வரும் கணக்கு. தமிழில் நாம் தட்டச்சு செய்யும் பக்கத்துக்கு அது பொருந்தாது. ஒருவர் வசனத்தையும் செயலையும் நடித்தபடி வாசிக்க, இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். வாசிக்கும்போது பத்து நிமிடம் வந்தால் எட்டாகக் குறையும் வரை வெட்டுங்கள்.

வசனத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் கதையில் பையன் பெரியவரை எச்சரிக்கும் இடத்தை முதல் டிராஃப்டில் இப்படித்தான் எழுதுவார்கள்:

“ஐயா, இது பேங்க் லோன் பேப்பர் இல்ல. உங்க வீட்டை உங்க பையன் பேருக்கு எழுதி வாங்கப் பாக்குறாரு. நீங்க ஏமாந்துடாதீங்க!”

எல்லாத் தகவலும் வந்துவிட்டது, சீன் செத்துவிட்டது. மகன் பக்கத்தில் நிற்கும்போது இருபது வயதுப் பையன் ஒரு வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுவானா? கடை முதலாளி என்ன சொல்வார் என்ற பயம் அவனுக்கு இருக்காதா? இதை மாற்றிப் பார்க்கலாம்:

“ஐயா, மூணாவது பக்கம் சரியா விழல. டோனர் தீந்துடுச்சு. காலைல எட்டு மணிக்கு நீங்க மட்டும் வந்தீங்கன்னா, உக்கார வச்சுப் பொறுமையா எடுத்துத் தரேன்.”

பையன் பொய் சொல்கிறான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ‘நீங்க மட்டும்’ என்பதில் மகனுக்குச் சந்தேகம் வருகிறது. பெரியவருக்கு இரண்டும் தெரியாது. ஒரே வசனத்தில் மூன்று பேர் மூன்று நிலையில் நிற்கிறார்கள், கேமராவுக்கு மூன்று முகங்கள் கிடைக்கின்றன. உங்கள் கதையிலும் யாராவது விஷயத்தை நேராகப் போட்டு உடைக்கும் இடம் ஒன்று இருக்கும். அதைத் தேடிப்பிடித்து இரண்டு நாள் உட்காருங்கள்.

சீன் ஆர்டரும் ஷாட் டிவிஷனும்

திரைக்கதை முடிந்ததும் சீன்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், பகலா இரவா, யார் யார், என்ன உடை, என்ன பொருள் என்று எழுதுங்கள். நம் படத்தில் பொருள் பட்டியல் சின்னதாகத் தெரியும். ஆனால் கவனிக்க வேண்டியது உண்டு. பத்திரம் உண்மையானதாக இருக்கக்கூடாது. பத்திரம் எழுதும் பச்சைத் தாளில் கற்பனைப் பெயர், இல்லாத சர்வே எண் போட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதில் ஐந்தாறு பிரதி வேண்டும், ஏனென்றால் பெரியவர் மடித்துப் பையில் வைக்கும் ஷாட்டை மூன்று டேக் எடுத்தால் ஒவ்வொன்றிலும் தாள் மடிப்பு இல்லாமல் தொடங்க வேண்டும். கடைக்கு வேறு யாரோ கொடுத்து வைத்த ஆதார் நகல், மார்க் ஷீட் எதுவும் ஃப்ரேமில் தெரியக்கூடாது.

அடுத்தது ஷாட் டிவிஷன், அதாவது ஒவ்வொரு சீனையும் ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதுவது. எட்டு நிமிடப் படத்துக்கு ஐம்பது, அறுபது ஷாட் வரும். கேமராவை ஓரிடத்திலிருந்து எடுத்து மறு இடத்தில் வைத்து, லைட் பார்த்து, ஒத்திகை பார்த்து முடிக்க மாணவர் குழுவுக்கு இருபது நிமிடமாவது ஆகும். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை வேலை செய்தாலும், சாப்பாட்டையும் தாமதத்தையும் கழித்தால் ஒரு நாளைக்கு இருபத்தைந்து இடமாற்றம் என்பதே பெரிய விஷயம். அறுபது ஷாட்டை இரண்டு நாளில் எடுக்க வேண்டும் என்றால், ஒரே கேமரா நிலையிலிருந்து எடுக்கக்கூடிய ஷாட்டுகளை ஒன்றாகக் கட்டுங்கள். கல்லாவுக்குப் பின்னாலிருந்து தெருவைப் பார்க்கும் ஷாட்டுகள் ஒரு கட்டு. தெருவிலிருந்து உள்ளே பார்ப்பவை இன்னொரு கட்டு. மெஷினைச் சுற்றியவை மூன்றாவது.

ஒவ்வொரு சீனுக்கும் ஒரு மாஸ்டர் (முழு சீனும் தெரியும் ஷாட்), இரண்டு சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம்), தேவையான க்ளோசப் என்று முதலில் எழுதிவிடுங்கள். அப்புறம் எதெல்லாம் இல்லாமலே சீன் நிற்கும் என்று பார்த்துக் கழியுங்கள். பேசும் இருவருக்கு நடுவே கற்பனையாக ஒரு கோடு போட்டு, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளும் விதியை மட்டும் இப்போதைக்கு மீறாதீர்கள். பெரியவர் ஒரு ஷாட்டில் வலப்பக்கமும் அடுத்ததில் இடப்பக்கமும் பார்த்தால், யாரோ எழுந்து இடம் மாறிவிட்டார்கள் என்று பார்ப்பவர் நினைப்பார்.

எந்த ஷாட்டை எதற்காகவும் விடக்கூடாது என்று ஒன்றைக் குறித்து வையுங்கள். நம் படத்தில் அது மெஷின் வெளிச்சம். மூடியைத் திறந்து வைத்தபடி நகல் எடுத்தால் கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சக் கோடு ஒன்று நகர்ந்து போகும். குனிந்து படிக்கும் பையனின் முகத்தில் அது ஓடும் அந்த நொடியில்தான் அவனுக்கு விஷயம் தெரிகிறது. அந்த மெஷினில், அந்த மூலையில், உங்கள் கேமராவில் அது எப்படி விழுகிறது என்று நான்காவது வாரத்துக்குள் ஒருநாள் போய்ச் சோதித்துவிடுங்கள். சில மெஷின்களின் விளக்கு கேமராவில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்படியென்றால் அடியில் ஒரு சின்ன எல்இடியைக் கையால் நகர்த்தி எடுக்கலாம்.

லொக்கேஷன், அனுமதி

இடத்தை எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்களோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஞாயிறு காலை எடுப்பதென்றால் ஞாயிறு காலைதான். போனில் காம்பஸைத் திறந்து கடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு வாசல் கடை என்றால் காலை எட்டு மணி வெயில் நேரே கல்லா மேல் விழும். பத்தரைக்கு அது இருக்காது. ஒரே சீனைப் பாதி எட்டு மணிக்கும் மீதி பதினொரு மணிக்கும் எடுத்தால் ஒட்டாது. ப்ளக் பாயின்ட் எத்தனை, கழிப்பறை எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது, பக்கத்து மெக்கானிக் கடை ஞாயிறும் திறக்குமா, எதிர்க் கோயிலில் ஸ்பீக்கர் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளரிடம் வாய்ப் பேச்சு போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், என்னென்ன பயன்படுத்துவோம் என்று அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துறைத் தலைவரிடமிருந்து கல்லூரி லெட்டர்ஹெட்டில் ‘இவர்கள் எங்கள் மாணவர்கள், பாடத்திட்டத்துக்காகப் படமெடுக்கிறார்கள்’ என்று ஒரு கடிதமும் வேண்டும். தெருவில் ட்ரைபாடு வைத்தால் ரோந்து வரும் காவலர் முதலில் கேட்பது அதைத்தான்.

ரயில் நிலையம், மெட்ரோ, விமான நிலையம் மூன்றிலும் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ட்ரைபாடை விரித்த உடனே தடுப்பார்கள். செல்போனுக்கே தடை உள்ள கோயில்களும் இருக்கின்றன. ட்ரோனுக்கு 2021 முதல் தனி விதிகள் உண்டு. 250 கிராமுக்கு உட்பட்ட சின்ன ட்ரோனுக்குச் சில சலுகைகள் இருந்தாலும் தடை மண்டலத்தில் அதையும் பறக்கவிட முடியாது. ஜெராக்ஸ் கடைக் கதைக்கு ட்ரோன் எதற்கு என்ற கேள்வியோடு இதை முடித்துக்கொள்ளலாம்.

நடிகர்கள்

அறுபது வயதுப் பெரியவராக வகுப்புத் தோழனுக்குப் பவுடர் பூசி நரைக்க வைக்காதீர்கள். படம் முதல் ஷாட்டிலேயே விழுந்துவிடும். ஊரில் நாடகக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையைப் போல நவீன நாடகப் பயிற்சி கொடுக்கும் குழுக்கள் உண்டு. மற்ற ஊர்களில் புராண நாடகம் போடும் சபாக்கள், தெருக்கூத்துக் கலைஞர்கள், பள்ளி நாடகம் போட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களிடம் ‘உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்று சொல்லாதீர்கள். போக்குவரத்துக் காசு, நல்ல சாப்பாடு, சொன்ன நேரத்துக்கு விடுவது, முடிந்தால் ஒரு சின்னத் தொகை. இந்த நான்கையும் முதல் போனிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

தேர்வின்போது வசனத்தைப் படிக்கச் சொல்வதோடு நிற்காமல் ஒரு செயலைக் கொடுத்துப் பாருங்கள். ‘பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நில்லுங்கள்.’ இதைச் சரியாகச் செய்பவர் வசனத்தைப் பார்த்துக்கொள்வார். ஒத்திகை குறைந்தது இரண்டு நாள். அதில் ஒன்று கடையிலேயே நடக்கட்டும். ஒவ்வொருவரிடமும் படத்தைக் கல்லூரியில் காட்டவும் விழாக்களுக்கு அனுப்பவும் இணையத்தில் போடவும் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், பெற்றோர் ஒருவர் ஸ்பாட்டிலும் இருக்க வேண்டும்.

ஒலி: காசைக் கொட்ட வேண்டிய இடம்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். அதனால் வாடகைப் பணத்தில் முதல் பங்கு மைக்குக்கு. ஒரு பூம் மைக், அதைப் பிடிக்க ஒரு கம்பு, தனி ரெக்கார்டர். அது முடியாவிட்டால் சட்டைக்குள் ஒட்டும் லேப்பல் மைக்கை இன்னொரு போனில் செருகி, போனை நடிகரின் பைக்குள்ளேயே ஏரோப்ளேன் மோடில் ஓடவிடலாம்.

கடையில் டேக் போகும்போது ஃபேன் நிற்க வேண்டும். டேக் முடிந்த நொடியில் ஓட வேண்டும், இல்லையென்றால் அடுத்த டேக்கில் எல்லோர் சட்டையும் நனைந்திருக்கும். ஃபேன் ஸ்விட்சுக்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். வீட்டில் எடுப்பதென்றால் ஃப்ரிட்ஜையும் அணைக்க வேண்டியிருக்கும். அணைத்ததும் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது நல்ல வழக்கம். திரும்பப் போட்டுவிடாமல் வீட்டுக்குப் போகவே முடியாது.

ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனத் துண்டுகளை ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் உதவும். மெஷின் ஓடும் சத்தம், தாள் வெளியே விழுவது, ஷட்டரைத் தூக்குவது, சில்லறை கல்லாவில் விழுவது, இவையெல்லாம் தனித்தனியாக, மைக்கைப் பக்கத்தில் வைத்து. வசனம் பேசும்போது மெஷின் ஓடக்கூடாது. ஓடுவது போல் நடித்துவிட்டு, சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

‘டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது தமிழ் சினிமாவிலிருந்து நமக்கு ஒட்டிய பழக்கம். அங்கே அதற்கென்று தியேட்டரும் சவுண்ட் இன்ஜினியரும் உண்டு. உங்களுக்கு வாய்ப்பது எதிரொலிக்கும் ஒரு வகுப்பறை. நடிகர் மூன்று வாரம் கழித்து அதே உணர்ச்சியோடு வர மாட்டார். ஸ்பாட்டிலேயே பிடித்துவிடுங்கள்.

கேமராவைப் பற்றி இப்போது பேசலாம்

துறையில் இருக்கும் கேமராவோ, குழுவில் யாரிடமாவது இருக்கும் நல்ல போனோ போதும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் வெளிச்சம் நொடிக்கு நூறு முறை கூடிக் குறையும். கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் 1/50 அல்லது 1/100இல் வைத்தால் திரையில் துடிப்பு தெரியாது. நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்துக்கொள்வது எளிது. போனில் சாதாரணமாக இருக்கும் கேமரா ஆப் ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும், அதனால் தனியாகப் பதிந்த ஒலி போகப்போக உதட்டோடு ஒட்டாமல் விலகும். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா போன்ற ஆப்பில் ஃப்ரேம், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் நான்கையும் பூட்டி வைக்கலாம்.

லைட்டுக்கு முதல் கருவி தெர்மாகோல் அட்டை. வாசல் வெளிச்சத்தை அதில் வாங்கி முகத்துக்குத் திருப்பினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மறுபக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டினால் தேவையில்லாத வெளிச்சத்தை அடைக்கவும் ஆகும்.

மெமரிக் கணக்கு ஒன்று போட்டுவிடுவோம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுப்பீர்கள் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எனவே 64 ஜிபி கார்டு இரண்டு, தனித்தனி ஹார்ட் டிஸ்க் இரண்டு. இரண்டு டிஸ்கிலும் ஏற்றி, ஃபைலைத் திறந்து ஓட்டிப் பார்க்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யக்கூடாது. அந்த இரண்டு டிஸ்கும் ஒரே பையில், ஒரே பைக்கில் போகக்கூடாது.

வாடகைக் கடையில், சென்னை என்றால் பெரும்பாலும் வடபழனி, சாலிகிராமம் பக்கம், பொருளை வாங்கும்போது அங்கேயே பொருத்தி ஓட்டிப் பாருங்கள். லென்ஸில் கீறல் இருந்தால் கடைக்காரர் முன்னிலையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எத்தனை, சார்ஜர் உண்டா, எத்தனை மணிக்குள் திருப்ப வேண்டும் என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

பணமும் சாப்பாடும்

மாணவர் படத்தின் பெரிய செலவு சாப்பாடுதான். பன்னிரண்டு பேருக்குக் காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ வடை என்றால் ஒரு நாளைக்குத் தலைக்கு 250 ரூபாய் வைத்தாலும் 3,000. இரண்டு நாளைக்கு 6,000. இதைக் குறைக்க நினைக்காதீர்கள். பசித்த யூனிட்டில்தான் முதல் சண்டை வரும். யாராவது ஒருவர் வீட்டில் சமைத்துத் தர முடிந்தால் செலவு பாதியாகும், ருசி இரண்டு மடங்காகும்.

அடுத்து மைக், லைட் வாடகை, நடிகர் போக்குவரத்து, ஆர்ட் பொருட்கள். எல்லாம் கூட்டி, பதினைந்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. பணம் ஒருவர் கணக்கில் மட்டும் சேரட்டும், ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே. பத்து ரூபாய் டீக்கும் ஷீட்டில் ஒரு வரி. யாருக்காவது பங்கு போட முடியாத நிலை என்றால் அதை மேனேஜரிடம் மட்டும் சொல்லும் வசதி இருக்கட்டும், குழுவில் எல்லார் முன்னும் கேட்காதீர்கள்.

ஷூட்டிங் அன்று

முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் கால்ஷீட் (யார் எத்தனை மணிக்கு, என்ன வேலை என்ற அன்றைய பட்டியல்) எல்லோர் போனுக்கும் போய்விட வேண்டும். நம் படத்துக்கு அது இப்படி இருக்கும்:

காலை 5.30: கேமரா, ஒலி, ஆர்ட் கடையில்
6.00: டிபன்
6.15: நடிகர்கள் வருகை, உடை, மேக்கப்
7.00: முதல் ஷாட், சீன் 2, தெருவிலிருந்து உள்ளே பார்க்கும் கட்டு
10.00: டீ, கேமரா உள்ளே
10.30: மெஷின் கட்டு, விடக்கூடாத ஷாட் முதலில்
1.00: சாப்பாடு
1.45: க்ளோசப்புகள், பெரியவர் முதலில்
4.30: பெரியவருக்கு பேக்கப் (வேலை முடிந்து கிளம்புதல்)
5.30: தனி ஒலிகள், அறைச் சத்தம்
6.00: பேக்கப், கடையைப் பழையபடி அடுக்குதல்

வயதானவரின் ஷாட்டுகளை மகனின் ஷாட்டுகளுக்கு முன்பே முடித்துவிடுவதைக் கவனியுங்கள். இருபது வயதுக்காரர் காத்திருக்கலாம்.

அசிஸ்டென்ட் டைரக்டர் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுப்பார். சுவர்க் கடிகாரம் எத்தனை மணி காட்டுகிறது, பெரியவரின் பை எந்தத் தோளில், சட்டைக் கையை எதுவரை மடித்திருக்கிறார். கடிகாரத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டால் தலைவலியில் பாதி குறையும். எந்த டேக் நன்றாக வந்தது என்ற குறிப்பும் அவர் நோட்டில்தான். எடிட்டர் கடைசியில் கும்பிடப் போவது அந்த நோட்டை.

மூன்று மணிக்கு, பத்து ஷாட் பின்தங்கியிருப்பீர்கள். பதறாமல் டைரக்டரும் மேனேஜரும் ஐந்து நிமிடம் தனியே போய், எந்தெந்த ஷாட்டை மாஸ்டரிலேயே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து வாருங்கள். யூனிட் முன்னால் வாக்குவாதம் வேண்டாம். கடை உரிமையாளருக்குச் சொன்ன நேரத்தைத் தாண்டாதீர்கள். அடுத்த ஞாயிறும் அவர் சாவி தர வேண்டும்.

எடிட்டிங் முதல் திரையிடல் வரை

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். முதல் கட் பன்னிரண்டு நிமிடம் வரும், எல்லோருக்கும் பிடிக்கும். படத்தில் வேலை செய்யாத இரண்டு பேருக்கு அதைப் போட்டுக் காட்டி, எங்கே போனைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எட்டு நிமிடத்துக்கு வந்த பிறகு படத்தைப் பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகுதான் ஒலி, இசை, கலர். அப்புறம் ஒரு ஷாட்டை மாற்றினாலும் மூன்றையும் திரும்பத் தொட வேண்டியிருக்கும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். ‘முப்பது நொடிக்குள் என்றால் பரவாயில்லை’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படியொரு சட்டம் கிடையாது. யூடியூபில் ஏற்றிய உடனே பிறர் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். கல்லூரியில் கீபோர்டோ புல்லாங்குழலோ வாசிக்கும் ஒருவரிடம் இசை கேளுங்கள், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இல்லையென்றால் யூடியூபின் இலவச ஆடியோ லைப்ரரி. நம் கதைக்கு மெஷின் சத்தமே போதும் என்பது என் எண்ணம்.

டைட்டிலில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில எடிட்டிங் மென்பொருட்களில் கொம்பு இடம் மாறி விழும், ‘கொ’ உடைந்து மூன்று துண்டாக நிற்கும். பிரீமியர் புரோவில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகும். எதிலும் வழிக்கு வரவில்லை என்றால் டைட்டிலை வேறொரு மென்பொருளில் செய்து படமாகக் கொண்டுவந்து வைத்துவிடலாம். பெயர்ப் பட்டியலில் கடை உரிமையாளர், சமைத்துத் தந்த அம்மா, வண்டி கொடுத்த சீனியர் யாரும் விட்டுப்போகக்கூடாது.

விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமி நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவும், 1990 முதல் நடக்கும் மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவும் குறும்படக்காரர்கள் கண் வைத்திருக்க வேண்டியவை. விதிகளில் நீளத்தையும், ‘இணையத்தில் ஏற்கனவே வெளியாகியிருக்கக்கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு யூடியூபில் ஏற்றுங்கள். அந்த வரிசை மாறக்கூடாது.

சமர்ப்பிக்கும்போது படத்தோடு திரைக்கதை, ஷாட் டிவிஷன், கால்ஷீட், சம்மதக் கடிதங்கள், கணக்கு ஷீட் எல்லாம் ஒரே ஃபைலில் போகட்டும். வைவாவில் ‘நீ என்ன செய்தாய்’ என்று ஆறு பேரிடமும் தனித்தனியே கேட்பார்கள். வாராவாரம் எழுதிய அந்த மூன்று நெடுவரிசை ஷீட்டே பதில் சொல்லிவிடும். படத்தை எடுத்துப் போகும் பென்டிரைவ் ஃபேட்32 வகையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேலான ஃபைல் அதில் ஏறாது, அதனால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முந்தின நாளே செமினார் ஹாலுக்குப் போய் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில், அங்கிருக்கும் ஸ்பீக்கரில் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ப்ரொஜெக்டரில் இருட்டுக் காட்சி இன்னும் இருட்டாகத்தான் விழும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி இன்னொரு பிரதி எடுக்க அன்று இரவு நேரம் இருக்கும்.